போகாத ஊருக்கு வழி கேட்டவள்

என் நாத்தனாரை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் 'மைக் அக்கா' என்றால்தான் தெரியும். இயந்திரங்கள் போடும் இரைச்சலில் அங்கே பக்கத்தில் நிற்பவள் காதில் கத்தினாலும் விழாது. இவள் ஒரு குரல் கொடுத்தால் மட்டும் கடைசி மூலையில் விரிப்பு மடிப்பவள்கூடத் திரும்பிப் பார்ப்பாள். 'ஓ' என்று நீளமாக இழுத்து, முடிவில் இரண்டு தடவை வெட்டுவாள். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டபோதும் வாயில் வந்தது அந்தக் குரல்தான். சாப்பாடு என்று நினைத்து அத்தனை பேரும் வெளியே வந்தார்கள், தப்பினார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் வாயால் ஒரு கூடமே பிழைத்தது.

அது என் மாமனாரின் குரல். சாயங்காலமானால் மனுஷர் வாசலில் நின்று அப்படித்தான் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவார். தெருவே எட்டிப் பார்க்கும். புது மருமகளான எனக்கு மானம் போகும், என் கணவர் தலையைக் குனிந்துகொள்வார். மகள் மட்டும் வெட்கப்படாமல் பதில் குரல் கொடுத்துக்கொண்டே ஓடி வருவாள்.

மாமனார் சின்ன வயதிலேயே விட்டுவந்த பகுதி ஒன்று உண்டு. வறண்ட மேடு, அதன் பேரைச் சொன்னால் பஸ் கண்டக்டரே இரண்டாம் தடவை கேட்பார். அவர் திரும்பிப் போகாமலே கண்ணை மூடிவிட்டார். அங்கே ஒரு தடவை போக வேண்டும், 'நீ எங்க மனுஷி' என்று ஒருத்தராவது சொல்லிக் கேட்க வேண்டும். என் நாத்தனாருக்கு வாழ்க்கையில் இருந்தது இந்த ஓர் ஆசைதான்.

"அங்க என்ன இருக்கு, கல்லும் முள்ளும். யாரைப் பாக்கப் போற?" என்பார் என் கணவர்.

"யாருன்னு தெரிஞ்சா போன்ல பேசியிருப்பேனே. தெரியாததாலதான் நேர்ல போறேன்" என்பாள்.

"போகாத ஊருக்கு வழி கேக்கறதே உனக்குப் பொழப்பாப் போச்சு" என்று நானும் என் பங்குக்கு எரிந்து விழுவேன். எனக்குக் கோபம் அந்த ஊர்மேல் இல்லை. லீவு சேர்த்து வைப்பாள். கிளம்பப் போகிற நேரத்தில் எவள் பிள்ளைக்காவது காய்ச்சல் வரும், இவள் போய் அவள் வேலைக்கு நிற்பாள். இளிச்சவாய் என்று திட்டித் தீர்த்திருக்கிறேன். கடைசியில் அந்தப் பெண்களே கூடிப் பேசி இவள் ஷிப்டைப் பங்கு போட்டுக்கொண்டு, "போய்ட்டு வாக்கா, போகாம இந்தப் பக்கம் வராதே" என்று விரட்டிவிட்டார்கள். துணைக்கு நான். திட்டினாலும், அவள் கேட்டு நான் மறுத்ததில்லை.

தார் ரோடு முடிகிற இடத்தில் பஸ் இறக்கிவிட்டது. மேட்டுக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி வீடுகள். வெயிலுக்குக் கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. தட்டிக் கேட்டோம். மாமனார் பேரைச் சொன்னால், "அப்படி யாரும் இல்லையேம்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்கள். ஏறி இறங்கி என் குதிகால் உரிந்துவிட்டது.

"திரும்பிடலாம்டி. பஸ்ஸை விட்டா நடுரோடுதான்."

"சாப்டுட்டுப் போலாம் அண்ணி" என்றாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. காலைக் கழுவுகிற சாக்கில் பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருக்கிறாள். நான் வரக் காணோம். பழக்கதோஷம், எழுந்து நின்று அந்தக் குரலைக் கொடுத்துவிட்டாள்.

எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. ஒருத்தி கயிற்றோடு ஓடி வருகிறாள், இரண்டு பேர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், ஒருவர் முகத்தில் சவர நுரையோடு வருகிறார். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து நானும் அவளிடம் ஓடினேன்.

"யார் விழுந்தது? எந்தக் கிணறு?" என்றார் நுரைக்காரர், மூச்சிரைக்க.

"யாரும் விழலைங்க. எங்க அண்ணியைச் சாப்பிடக் கூப்பிட்டேன்."

"சாப்பிடவா? உயிர் போகுது, எல்லாரும் ஓடி வாங்கன்னு நாங்க கூப்பிடற குரலாச்சே இது. இந்த மேட்டைத் தாண்டினா யாருக்கும் தெரியாதே. உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"எங்கப்பா. டவுன்ல தினமும் வாசல்ல நின்னு இப்படித்தான் கூப்பிடுவாரு."

அந்த மனுஷர் அத்தனை வருஷமும் எங்கள் தெருவில் நின்று இதையா கூப்பிட்டார்? நாங்கள் கையைக் கழுவிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம்.

கயிற்றோடு வந்தவள் அதைக் கீழே போட்டுவிட்டு என் நாத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்குக் கேக்கலையேடி. கேட்டிருந்தா வந்திருப்போமே."