மாடத்தி அக்காவின் முகம்

ஜெஸ்லின் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறவள். முகூர்த்தம் இல்லாத நாட்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கோ உப்பளத்துக்கோ போய்விடுவாள். அங்கே எடுத்ததை ஃபேஸ்புக்கில் போடுவாள். களவாணிகளுக்குப் பயந்து, படத்தின் நட்டநடுவில் தன் பெயரைப் பொறிப்பது அவள் வழக்கம்.

சுடலைமாடத்தியின் படத்துக்கு மட்டும் அப்படிச் செய்ய முடியவில்லை. உப்பு வாருகிற அந்த அக்கா, உச்சிவெயிலில் வாய்விட்டுச் சிரித்த படம். பார்த்ததுமே அக்கா கத்திவிட்டாள். "ஏளா, மூஞ்சிக்குக் குறுக்க எழுத்து இருந்தா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரிலா இருக்கு! நான் என்ன செத்தா போயிட்டேன்?"

நியாயம்தானே? ஜெஸ்லின் பெயரை ஒரு மூலைக்குத் தள்ளினாள். எந்தக் கள்ளப்பயலோ அந்த மூலையை வெட்டி எறிந்துவிட்டுப் படத்தைத் தூக்கிவிட்டான்.

அது போய் நின்ற இடம் ஒரு முகக் கிரீம் விளம்பரம். இடப்பக்கம் அக்காவின் முகம், 'முன்'. வலப்பக்கம் மாவு பூசினாற்போல் ஒருத்தி, 'பின்'. கூட வேலை பார்க்கிறவர்களே, "எக்கா, கிரீமு எப்பம் பூசப்போற?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

"எம்மூஞ்சிய வித்துட்டியாளா?" என்று ஜெஸ்லினிடம் கேட்டாள்.

"மாதா சத்தியமா இல்லக்கா. களவாண்டுட்டானுவ. நான் எடுக்க வைக்கேன், பாருங்க."

அக்கா நம்பினாள். அந்த நம்பிக்கைதான் ஜெஸ்லினை வதைத்தது. வெட்டாத முழுப் படத்தையும் அனுப்பி, 'இது நான் எடுத்தது, உடனே நீக்குங்கள்' என்று கம்பெனிக்கு மெயில் மேல் மெயிலாகப் போட்டாள். பதிலே இல்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கூட்டம், லேசில் அசையுமா?

ஒருவழியாகப் பதில் வந்தது. 'தவறுக்கு வருந்துகிறோம். சரிசெய்துவிட்டோம்.' ஜெஸ்லினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விளம்பரத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

"சொன்னேம்லாக்கா, எடுத்துட்டானுவ!"

அக்காவின் மகள் உமாராணி போனில் தேடிப் பார்த்தாள். விளம்பரம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதே முகம், அதே 'முன்'. அடியில் மட்டும் புதிதாக ஒரு வரி. அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"பட உதவி: ஜெஸ்லின், தூத்துக்குடி."

"ஐயோ, அக்கா, நான் நீக்கத்தான் சொன்னேன்..." ஜெஸ்லின் போனை எட்டிப் பார்த்தாள்.

இத்தனை நாளும் ஏளா என்றே கூப்பிட்ட மாடத்தி அக்கா, "நீங்க போங்கம்மா" என்றாள்.