அறிவிப்பு வரும் வரை

ஹில்டா புரோஸ் பிறந்தது இங்கிலாந்தின் கடற்படை ஊரான காஸ்போர்ட்டில். சென்ற மார்ச்சில் இறந்ததும் அங்கேதான். கடற்படைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நீர்மூழ்கி ஆட்களின் கம்பளிச் சட்டைகளில் ஏறிய டீசல் வாடை எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அந்த வாடையோடு வந்த ஒருவனையே கட்டிக்கொண்டாள். லென், ‘டாரன்ட்’ நீர்மூழ்கியில் இயந்திர அறை ஆள்.

உலகப்போர் நடுவே, 1942 அக்டோபரில் தந்தி வந்தது. டாரன்ட் திரும்பவில்லை; மூழ்கிவிட்டதாகவே கொள்ள வேண்டும். எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதால், வானொலியில் அறிவிப்பு வரும் வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது.

பக்கத்து வீட்டு மேவிஸின் கணவன் ரெஜ் அதே நீர்மூழ்கியில் சமையல்காரன். அவளுக்கும் தந்தி வந்திருக்கும் என்றே ஹில்டா நினைத்தாள். மறுநாள் துணி உலர்த்தும்போது மேவிஸ் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“என்னடி, மூஞ்சி இப்படி வீங்கிக் கிடக்கு? லென் வந்து பார்த்தா வேற வீட்டுக்கு வந்துட்டோம்னு திரும்பிப் போயிடுவான்!”

“வெங்காயம் நறுக்கினேன்.”

“வெங்காயமா! இந்த யுத்தத்துல எந்தக் கடைக்காரனடி மயக்குன?”

ஹில்டா அசந்துபோனாள். என்ன நெஞ்சழுத்தம், எப்படி நடிக்கிறாள்! தானும் சளைக்கக் கூடாது என்று சிரித்தாள். மேவிஸ் கிறிஸ்துமஸ் கேக்குக்குச் சர்க்கரை சேமித்தபோது ஹில்டா தன் ரேஷன் பங்கையும் கொடுத்தாள்.

“ரெஜ் வந்தப்புறம்தான் வெட்டுவேன்.”

“லெனுக்குப் பெரிய துண்டா வை.”

ஹில்டா உள்ளே போய்த் துவாலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரே ஒரு நினைப்புதான் அவளைத் தாங்கியது: அறிவிப்பு வரட்டும், மேவிஸைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழலாம்.

ஜனவரியில் ஒரு மாலைச் செய்தியில் அது வந்தது. ஹில்டா ஏப்ரனோடு ஓடினாள். மேவிஸ் வானொலிப் பெட்டி அருகே நின்றிருந்தாள்.

“வேற டாரன்ட்டா இருக்கும், இல்லடி? எனக்குத் தந்தி எதுவும் வரலையே.”

தந்தி ஹல் நகரில் இருந்த ரெஜ்ஜின் அம்மாவுக்குப் போயிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் கடற்படைப் பதிவேட்டில் நெருங்கிய உறவாக இருந்த அம்மாவின் பெயரை அவன் மாற்றவில்லை. அந்த அம்மாவும் சொன்னபடி வாய் திறக்கவில்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

ஹில்டாவின் முகத்தையே மேவிஸ் பார்த்தாள். “உனக்கு எப்போ தெரியும்?”

“அக்டோபர்ல. உனக்கும் வந்திருக்கும்னுதான்டி நெனச்சேன்…”

“பெரிய துண்டா வைன்னு சொன்னியே. என் மூஞ்சியப் பார்த்துச் சொன்னியேடி.”

“சொல்லக் கூடாதுன்னு—”

“போ. வெளியே போ.”

தேவாலயத்தில் நினைவு ஆராதனை நடந்தது. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். மேவிஸ் முன்வரிசையில், மாமியாரின் தோளில். ஹில்டாவுக்கு இருபுறமும் இருக்கை காலியாக இருந்தது. இனி அழலாம், தடையில்லை. கண்ணீர்தான் வரவில்லை. பாட்டுப் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, மாலை முறை வேலைக்குச் சலவைக்கூடத்துக்கு நடந்தாள்.