கொய்யா இலையும் வெளுத்த குழிகளும்

மூன்று வருடங்களுக்கு முன், கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஊர் மடுல்கெல்ல தேயிலைத் தோட்டம். மஹய்யாவையில் ஒரு வாடகை அறை. ஆய்வுகூடத்தில் தமிழ் ஆள் நான் ஒருத்திதான். என் சிங்களமோ பஸ்ஸில் இறங்கும் இடம் கேட்க மட்டும்தான் போதும். பகல் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிடுவேன். சில நாள் காலையிலிருந்து மாலைவரை வாயே திறந்திருக்க மாட்டேன்.

பக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வழவழவென்று ஒரு படலம் கட்டும். அதற்குள் இருப்பவற்றை மருந்துகூட லேசில் எட்டாது. கொய்யா இலைச் சாறு அந்தப் படலத்தைத் தடுக்குமா என்று பார்ப்பதுதான் என் வேலை. குட்டிக் குழிகள் நிறைந்த பிளாஸ்டிக் தட்டில் பக்டீரியாவையும் சாற்றையும் விட்டு, மறுநாள் கழுவி, ஊதாச் சாயம் ஊற்றுவோம். படலம் இருந்தால் குழி ஊதாவாகும், இல்லாவிட்டால் வெளுத்திருக்கும்.

செய்முறையைப் பக்கத்து மேசைப் பெண் சிங்களத்தில் சொல்லித் தந்தாள். பாதி புரியவில்லை. திருப்பிக் கேட்க வெட்கம். சிங்களத்தில் சரி, சரி என்பதற்கு “ஹரி, ஹரி” என்று தலையாட்டிவிட்டேன்.

என் குழிகள் பளிச்சென்று வெளுத்திருந்தன! பேராசிரியர் பாராட்டி, வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னும் பேசச் சொன்னார். அம்மாவுக்குப் போன் எடுத்தேன். “கொழுந்து பறிச்சே எங்க காலம் போச்சு. நீ எலைய வச்சே பெரியாளாயிட்டியேடி!” என்று அழுதுவிட்டார்.

புதன்கிழமை அந்தப் பெண் தட்டை எட்டிப் பார்த்தாள். இலையின் சத்தைக் கரைக்க ஒரு திரவம் சேர்ப்போம். இலையில்லாமல் அதை மட்டும் விட்ட குழிகள் எங்கே என்று சைகை காட்டிக் கேட்டாள். அப்படி வைக்க வேண்டுமென்பதே எனக்குத் தெரியாது. அன்றே செய்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் அந்தக் குழிகளும் வெளுத்திருந்தன. படலத்தைத் தடுத்தது என் இலை இல்லை, அந்தத் திரவம்தான்.

பேசாமல் மறைத்துவிடலாமா என்றும் நினைத்தேன், பொய் சொல்வானேன். அம்மாவின் அழுகை காதிலேயே நின்றது. கடைசியில் அந்தப் பெண்ணிடமே போய், “நீங்க சொன்னது அன்னைக்கே எனக்கு வெளங்கலங்க” என்று தமிழிலேயே சொல்லி அழுதேன்.

அவள் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எனக்கு தமிழ் கொஞ்சம் தெரியும். நீ பேசுறதே இல்ல. எங்கள புடிக்காதுன்னு நினைச்சேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, என் முடிவு தப்பு என்று சொன்னேன். அம்மாவிடம் சொல்லத்தான் இரண்டு வாரமானது. யாரும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று எட்டு மாதம் மனதுக்குள் குமைந்தேனே, அவர்களைத் தள்ளி வைத்திருந்தது நான்தான் என்பது இன்றும் உறுத்துகிறது.