கடலில்லாத கப்பல் கல்லூரியை விசாரித்து வந்தேன்

காலை ஏழே காலுக்கு அகரத்தில் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத வண்டி. திண்டுக்கல்லுக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து செம்பட்டி வழியாகச் சித்தையன்கோட்டைக்கு அதைப்போல இரண்டு பங்கு. போன காரியம், மாப்பிள்ளை விசாரிப்பது.

எங்கள் குடும்பத்தில் அந்த வேலை என்னுடையது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் ஒரு வீட்டு அடுப்படியில் செத்த நேரம் உட்கார்ந்தால் அந்த வீட்டையே படித்துவிடுவேன். இதுவரை நான்கு இடங்களை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நான்கும் சரியான முடிவு என்று இப்போதும் சொல்வேன்.

தம்பி மகள் செல்விக்கு இருபத்தெட்டு முடிகிறது. போனில் பேசிப் பார்த்ததில் இந்தப் பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கிளம்பும்போது பின்னாலேயே வந்து, "அத்தை, இதையும் கெடுத்துட்டு வந்துராதீங்க" என்றாள். தம்பியோ, "அக்கா சரின்னாத்தான் சரி" என்று சொல்லிவிட்டான்.

எட்டு மணிக்குத் திண்டுக்கல் பஸ் நிலையம். சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு எண்பது ரூபாய் சொன்னான், எழுபதுக்கு வாங்கினேன். அடுத்த பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பூக்காரி, மடியில் கூடையோடு.

"மாப்ள என்ன வேலைக்கா?"

"கப்பல் படையில எஞ்சின் ஆபீசரு. அதுக்குன்னே இருக்கிற காலேஜ்ல படிச்சவரு."

"கடலோரத்துலயா?"

"இல்ல, வடக்க ஏதோ மலை மேலயாம்."

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் நன்றாகத் திரும்பினாள். "யக்கா, மலை மேல கப்பலுக்கு என்ன வேலை? நல்லா விசாரிச்சுக்கங்க. எங்க தெருவுல ஒருத்தன் வெளிநாட்டுல மேனேஜருன்னு சொல்லித்தான் பொண்ணு கட்டுனான். போயிப் பாத்தா மேனேஜர் வீட்டு நாயக் குளுப்பாட்டுறான்."

சின்னாளபட்டியில் அவள் இறங்கிப் போய்விட்டாள். சந்தேகம் மட்டும் இறங்காமல் என்னோடு வந்தது.

ஒன்பதே முக்காலுக்குச் சித்தையன்கோட்டை. ஆட்டோ முப்பது ரூபாய். தென்னந்தோப்புக்குள் வீடு. பையனின் அம்மா ராஜாமணி, "வாங்கக்கா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அப்பா முருகேசன், மகன் படித்த அதே கல்லூரியில் எஞ்சின் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மகன் கதிர் விடுப்பில் வந்திருந்தான். கும்பிட்டுவிட்டு இளநீர் வெட்டப் போனான்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "காலேஜு மலை மேலயாமே. தண்ணி இல்லாம கப்பல எப்படிப் படிக்கிறது?" என்று கேட்டேன்.

முருகேசன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்த முகம். ராஜாமணி எழுந்துவிட்டாள். "ஆரம்பிச்சுட்டாரு. நான் உலை வைக்கிறேன். இவரு முடிக்கிறப்பச் சோறு வெந்துரும்."

அவர் சொன்னது இது. வெள்ளைக்காரன் காலத்தில் எஞ்சின் ஆபீசராக வேண்டுமானால் சீமைக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். யுத்தம் வந்தது, கப்பல்கள் பெருகின, ஓட்ட ஆள் இல்லை. மலை மேல் இடம் பார்த்து முதலில் மெக்கானிக்குகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் போட்டார்கள். சுதந்திரம் வந்தபிறகு ஆபீசர்களுக்கும் அங்கேயே சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் காலத்துச் சீமைக் கப்பலில், மேல் தட்டு ஆபீசர்கள் எஞ்சின் ஆபீசர்களைக் கரி ஆட்கள் என்று ஏளனம் செய்வார்களாம். சட்டைக் கையில் தங்கப் பட்டைகளுக்கு நடுவே ஊதாப் பட்டை வைத்து, இவன் வேறு என்று அடையாளம் காட்டினார்களாம்.

எனக்குத் திக்கென்றது. மாப்பிள்ளை கப்பல் உச்சியில் நின்று தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்ப்பார் என்று ஊரில் நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

"அப்ப நம்ம பையன் மேலயா, கீழயா?"

"கீழதான் மதினி. எஞ்சின் ரூம்ல."

"வெளிய ஒண்ணும் தெரியாதா?"

"எஞ்சின்தான் தெரியும்."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் அவசரமாக வேறு பெருமைக்குத் தாவினார். கல்லூரியில் இரும்பால் ஒரு கப்பல் அறை செய்து வைத்திருக்கிறார்களாம். சுவரில் ஓட்டைகள். அதன் வழியாகத் தண்ணீரைத் திறந்து விடுவார்கள். பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மரஆப்பும் துணியும் வைத்து அடைக்க வேண்டும். "குண்டு பட்டு ஓட்டை விழுந்தா கப்பலக் காப்பாத்தணுமே! ஒரு செகண்டு யோசிக்கக் கூடாது. கை தானா போகணும்."

பதினொன்றரை மணி இருக்கும். மூணு பேஸ் கரண்ட் வந்தது. தோப்பு மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. முற்றத்து ஓரமாகப் போகும் குழாயில் இணைப்பு ஒன்று பட்டென்று விட்டு, தண்ணீர் கூரை ஓட்டு உயரத்துக்குப் பீச்சியடித்தது.

"கதிரு, ஆப்பு!" என்று கத்திக்கொண்டு முருகேசன் பாய்ந்தார். இரண்டாம் தடவையாக இளநீர் வெட்டிக்கொண்டிருந்த பையன் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்து, உடைந்த இடத்தில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். அப்பா சாக்கைத் திணித்தார். சாக்கு பறந்து கோழி மேல் விழுந்தது. மகன் துண்டைத் திணித்தான். மட்டையைச் செதுக்கி ஆப்பு அடித்தார்கள். ஆப்பு என் காலடியில் வந்து விழுந்தது. "இன்னொண்ணு! பெருசா!" என்றார் அப்பா. இரண்டு பேரும் உச்சி முதல் உள்ளங்கால் வரை சேறு.

செத்த நேரம் பார்த்தேன். பிறகு எழுந்து நடந்து, மோட்டார் அறையில் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

தண்ணீர் நின்றது. இருவரும் என்னையே பார்த்தார்கள்.

"ஏம்ப்பா, அம்புட்டு வருசம் படிச்சீங்களே, மோட்டார அமத்த அங்க சொல்லிக்குடுக்கலையா?"

முருகேசன் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார். பையன் மட்டும் சேற்றில் உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் நீர் வர அப்படி ஒரு சிரிப்பு. "அங்க ஓட்டைக்கு வெளிய இருக்கிறது கடலு பெரியம்மா. அத எங்க போயி அமத்துறது? அதான் அந்தப் புத்தியே வரல."

உள்ளேயிருந்து ராஜாமணி கரண்டியோடு எட்டிப் பார்த்து அவளும் சிரித்தாள். பிறகு முருகேசனும் சிரித்தார்.

சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் வீட்டு ஆண்கள் ஒரு தப்புச் செய்து நனைந்தால், துவட்டும் முன்னால் அந்தத் தப்பைச் சுமத்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் வேண்டாம் என்ற நான்கு பேரும் அந்த ரகம்தான். இவன், வந்த விருந்தாளி முன்னால் தன்னைப் பார்த்தே சிரிக்கிறான். கப்பலில் மேலே நின்றால் என்ன, கீழே நின்றால் என்ன?

செம்பட்டி தாண்டும்போது செல்வி போன் செய்தாள். "என்ன அத்தை, கெடுத்துட்டீங்களா?"

"பையனுக்கு எல்லாம் தெரியுதுடி. சுவிட்சு எங்க இருக்குன்னு மட்டும் நீ பாத்து வச்சுக்க" என்றேன்.