திரும்பி வரும் பட்டன்

ஹாம்பர்க்கில் மதியச் சாப்பாட்டு மேசையில் நான் இரண்டு போன்களை எடுத்து வைத்தால் எதிரே இருப்பவர்கள் ஒரு தினுசாகப் பார்க்கிறார்கள். ஒன்று ஆபீஸ் கொடுத்த ஐபோன். இன்னொன்று மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய ஆண்ட்ராய்டு. இரண்டு போன் வைத்திருப்பவனுக்கு இரண்டு குடும்பம் இருக்கும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. ஒருநாள் உடன் வேலை செய்யும் யென்ஸ் கேட்டேவிட்டான். எனக்கு வரும் அரைகுறை ஜெர்மனில், "இதை அப்பாவுக்காக வைத்திருக்கிறேன்" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. எழுந்து வந்து தோளில் கைவைத்து ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தான். மறுநாள் அவன் மனைவி சுட்ட ஆப்பிள் கேக் வேறு வந்தது. உயிரோடு இருக்கும் மனிதருக்குத் துக்கக் கேக்! மறுக்கத் தைரியமில்லாமல் தின்று தொலைத்தேன். ராயபுரத்துக்குப் போன் போட்டுச் சொன்னதும் நைனா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாடா, என்னைப் பொதச்சிட்டுக் கேக்கு துன்னீங்களா? சோக்கா இருந்துச்சா?"

யென்ஸுக்கு விளக்கியிருந்தாலும் புரிந்திருக்குமா தெரியாது. அந்தப் பழைய போனுக்கு ஒரே வேலைதான்: நைனாவின் போன் போலவே இருப்பது. நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் வண்ணாரப்பேட்டையில் ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கினோம். அம்மா போன பிறகு நைனா வீட்டில் தனி ஆள். ஏதாவது சிக்கிக்கொண்டால் நான் அங்கே என் போனைப் பார்த்தே வழி சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடையில் உட்கார்ந்து, தட்டு ஆறிக்கொண்டிருக்க, இரண்டிலும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தோம். கீழே இடது ஓரம் நான். பக்கத்தில் கோயில் பாட்டு. அதற்கு மேலே கேஸ் புக்கிங். பூண்டு வாசனை பிடித்த கையால் நைனா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துச் சரி சொன்னார். அந்த அத்தோவின் புளிப்பு இப்போது நினைத்தாலும் நாக்கில் ஊறுகிறது.

திட்டம் என்னுடையது என்றாலும் வேலை முறை நைனாவுடையது. ஹார்பரில் அவர் கப்பலில் பளு தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவர். வின்ச் ஓட்டுகிறவருக்குக் கீழே சரக்கறையின் ஆழம் தெரியாது. விளிம்பில் ஒருவர் நின்று எட்டிப் பார்த்துக் கையைக் காட்டுவார். இறக்க வேண்டுமென்றால் "ஆரியா, ஆரியா" என்று குரல் கொடுப்பார். அதை நம்பித்தான் பளுவை இறக்க வேண்டும். அந்தக் கை பிசகினால் கீழே நிற்பவன் உயிர் போய்விடும். சிறுவயதில் மொட்டைமாடியில் பட்டம் விடும்போதுகூட நைனா "ஆரியா" என்றுதான் நூலை இறக்கச் சொல்வார். அதனால் போனிலும் எங்களுக்கு அதே பாஷை. "ஆரியா நைனா, ஆரியா... நிப்பாட்டு. அத்த அமுக்கு."

முதல் விடுமுறைக்குப் போனபோது அவருக்கும் ஓர் ஐபோன் வாங்கிப் போனேன். உலகம் பூரா ஒரே நாளில் அப்டேட் வரும், வருஷக்கணக்கில் கவலையில்லை என்று பெருமையாக விளக்கினேன். ஆண்ட்ராய்டிலோ ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு நாள், வந்தால் உண்டு. நைனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கீய மூணு பட்டன் இருக்குமே, அதுல திரும்பி வர்ற பட்டன் எங்கடா?" என்றார். இதில் அப்படி இல்லை, விரலால் தள்ள வேண்டும் என்றேன். "தெரியாம எங்கனா உள்ள பூந்துட்டா? திரும்பி வர்றதுக்கு ஒரு பட்டன் ஓணும்டா. எனுக்கு வாணாம்." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. இத்தனை வருஷம் கழித்தும் என் கட்டைவிரல் ஐபோனின் அடியில் அந்தப் பட்டனைத் தேடிப் போகிறது.

போன மாதம் ஒரு ஞாயிறு, ராயபுரம் சர்ச்சில் மாலைப் பூசை முடியும் நேரம், வழக்கமாக வரும் அழைப்பு வரவில்லை. நானே அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. யென்ஸ் கொடுத்த கேக் இப்போதுதான் தொண்டையில் வந்து நின்றது. கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்காவின் நம்பருக்கு ஐபோனில் அடித்தேன். மாடியேறிப் போனவர் மூச்சு வாங்கச் சொன்னார்: "நல்லாத்தான்டா கீறாரு. போனைக் கைல வச்சிகினு பேஜாராயி குந்திகினு கீறாரு." அப்படியே அழுதுவிட்டேன்.

ஸ்டெல்லா அக்காவின் போனை நைனா வாங்கினார். அது பழைய பட்டன் போன். அதில் எதையும் காட்ட முடியாது. "அப்டேட்டுன்னு இன்னாவோ கேட்டுச்சுடா. சரின்னு அமுக்கிட்டேன். எல்லாம் மாறிப் பூச்சு. நீ கூப்புடுற, மணி அடிக்குது, எடுக்கத் தெரியல. மூணு பட்டனும் காணோம். உள்ள மாட்டிகினேன்." நான் என் ஆண்ட்ராய்டை எடுத்துப் பார்த்தேன். அதற்கு அப்டேட் வரவில்லை. எல்லாம் அத்தோ கடையில் வைத்தபடியே இருந்தது, ஒன்றுக்கும் உதவாமல்.

"நைனா, எனுக்கு ஒண்ணும் தெரியலையே" என்றேன்.

"அப்போ நான் பாத்து சொல்றேன், நீ கேளு. கீய ஒரு கோடு மட்டும் கீது. மெல்லிசா."

கோடா? அதே கோடுதான் என் ஐபோனின் அடியிலும் இருந்தது. "நைனா, அந்தக் கோட்டுல விரலை வச்சு மேல தள்ளு."

"டேய், வெளிய வந்துட்டேன்டா!"

செட்டிங்குக்குள் போனோம். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார், நான் ஆரியா சொன்னேன். "வழிசெலுத்தல் பட்டியாம். இன்னாடா தமிழ் இது?" அதுதான், அமுக்கு என்றேன். பட்டன்கள் என்று ஒரு வரி வந்தது, தொட்டார்.

"வந்துட்ச்சு! மூணும் வந்துட்ச்சு." எதையோ திறந்து, திரும்பி வந்து, மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. பின்னால் துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "டேய், நீ இப்போ பேசிகினு கீறியே, அந்தப் போன்ல திரும்பி வர்ற பட்டன் கீதா?"

"கீது நைனா" என்றேன். கட்டைவிரல் ஐபோனின் அடியில் வெறும் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தது.