மாமல்லபுரம் பாறையில் இரண்டு பிற்பகல்கள்: கடற்பாசி பறித்ததும் கெடுத்ததும்

சென்ற பிப்ரவரியில் (2008) செங்கல்பட்டுக்கு அருகே ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் கடற்பாசிகளை இனங்காணவும் பதப்படுத்தவும் ஒரு வாரப் பயிற்சி நடந்தது. முதுகலை மாணவர்களுக்கானது. வெளியாட்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். விண்ணப்பித்த வெளியாள் நான் ஒருவன்தான் என்று பிறகு தெரிந்தது. அறுபத்தெட்டு வயதில் இது தேவையா என்று மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நுண்ணோக்கியை விட்டுப் பிரிந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. காரணம் அவ்வளவுதான்.

என் வீடு கருங்குழியில். காலை 7.10க்கு ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து ஏறினால் 7.55க்குச் செங்கல்பட்டு, கட்டணம் ஏழு ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ ஐந்து ரூபாய். எட்டரைக்கு ஆய்வகக் கதவு திறக்கும். நான் எல்லா நாளும் எட்டு இருபதுக்கே போய் வாசலில் நின்றேன். தாமதமாகப் போய் எல்லோரும் திரும்பிப் பார்ப்பதைவிட அது மேல்.

பயிற்சியில் பதினோரு பேர். இருவருக்கு ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, ஒரு பிளாஸ்டிக் தட்டு. என் மேசையில் கவிதா என்ற மாணவி. அணுபுரம் குடியிருப்பிலிருந்து வருபவர். முதல் நாளே, "அங்கிள், நீங்க எழுதுங்க, நான் வெட்டுறேன். உங்க கை நடுங்குது" என்று வேலையைப் பிரித்துவிட்டார். உண்மைதான், நடுங்கியது. பாசியைச் சவரக் கத்தியால் மெல்லிய துண்டாக வெட்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்க்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பி இனம் சொல்லக் கூடாது. பச்சைப் பாசி வெயிலில் வெளுத்திருக்கும், சிவப்புப் பாசி கறுத்திருக்கும். இந்த இரண்டு வரி புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

மாணவர்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொருவரும் தாமே பறித்த ஐந்து பாசிகளைத் தாளில் பதித்துத் தர வேண்டும். ஒரு தாளுக்கு இருபது மதிப்பெண். கவிதா வகுப்பில் முதலிடத்துக்கு இன்னொருவருடன் இழுபறியில் இருந்தார். ஒரு தாள் குறைந்தாலும் அந்த இடம் போய்விடும். எனக்கு மதிப்பெண் எதுவும் இல்லை.

வியாழக்கிழமை அமாவாசை. அன்று பிற்பகல் 2.40க்குக் கடல் நன்றாக உள்வாங்கும் என்று அட்டவணை சொன்னது. துறையின் வேனில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். முப்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, மீனவர் குப்பத்துக்கு எதிரே சில பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்திருந்தன. கீரை இலை போல் உல்வா, கொத்துக் கொத்தாகக் கருஞ்சிவப்புக் கிரேசிலேரியா. கவிதா மட்டும் ஒரு பாறையின் அடியில் கைவிட்டு, நூல் போன்ற ஒரு சின்னச் சிவப்புக் கொத்தை எடுத்தார். செராமியம். நுனிகள் இடுக்கி போல் உள்நோக்கி வளைந்திருக்கும். வேறு யாருக்கும் அது கிடைக்கவில்லை.

மாலை 5.30க்கு ஆய்வகம் திரும்பினோம். எல்லோரும் தட்டுகளைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். எங்கள் தட்டில் மணல் படிந்திருந்தது. என் குறிப்பேட்டைப் பார்த்தேன். "மூன்று முறை நன்கு கழுவவும்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். எந்தத் தண்ணீரில் என்று எழுதவில்லை. வாழ்நாளெல்லாம் சுத்தமான தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் என்று சான்றிதழ் கொடுத்தவனுக்கு வேறு எது தோன்றும்? குழாய்த் தண்ணீரை முகர்ந்து பார்த்து, அதில் மூன்று முறை கழுவி, நான்காவது தண்ணீரிலேயே ஊறவிட்டு வீட்டுக்குப் போனேன். மனம் நிறைவாக இருந்தது.

வெள்ளி காலை எட்டரைக்குக் குளிர்பெட்டியைத் திறந்தால் தட்டுத் தண்ணீர் ரோஸ் நிறத்தில் இருந்தது. கடலில் வளர்ந்ததை நல்ல தண்ணீரில் போட்டால் அதன் செல்கள் வெடித்து நிறம் இறங்கிவிடும். கடல் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். தடித்த பாசிகள் ஓரளவு தாங்கியிருந்தன. செராமியம் வெளிறிக் கஞ்சியாகக் கிடந்தது. தட்டை மற்ற தட்டுகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். அன்று பன்னிரண்டு மணிவரை பாடம் மட்டும்தான். பதிக்கும் வேலை சனிக்கிழமை. கவிதாவின் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றரை மணி நேரம் குறிப்பு எடுத்தேன். வாய் திறக்கவில்லை.

என் திட்டம் எளிது. தனியாகப் போய் அதே பாசியைப் பறித்து வந்து, யாரும் பார்ப்பதற்குள் தட்டில் போட்டுவிடுவது. செங்கல்பட்டில் 12.35க்கு மாமல்லபுரம் பேருந்து, பத்து ரூபாய். இறங்கும்போது 1.50. அன்று கடல் உள்வாங்கும் நேரம் 3.15.

பாறைக்கு எதிரே படகு நிழலில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். பெயர் ஏழுமலை என்று பிறகு சொன்னார்.

"இன்னா பெர்சு, நேத்து கும்பலா வந்தீங்கோ, இன்னிக்கு ஒண்டியா வந்துகினு கீற?"

"ஒரு பாசி பறிக்கணும்."

"நேத்துதான் பை பையா வாரினு போனீங்களே. அத்தினியும் துன்னுட்டீங்களா?"

கெட்டுப்போய்விட்டது என்றேன். அவர் என் தோல் செருப்பைப் பார்த்தார். "இத்த போட்டுகினு கல்லு மேல போனா நேரா ஆஸ்பத்திரிதான். இரு, வரேன்" என்று எழுந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பாறைவரை வந்தார். வழியெல்லாம் நுரை முழங்கால் வரை அடித்தது. கவிதா கைவிட்ட அதே இடுக்கில், 2.25க்கு, செராமியம் இருந்தது. இரண்டு கொத்து. ஒன்றைச் சுரண்டிக் குப்பியில் கடல் தண்ணீரோடு போட்டேன்.

விவரச் சீட்டைப் பென்சிலால் அங்கேயே எழுதிக் குப்பிக்குள் போட வேண்டும் என்பது விதி. மையால் எழுதினால் கரைந்துவிடும். இனம் எழுதினேன். இடம் எழுதினேன். அடுத்தது நாள், நேரம், சேகரித்தவர். என் திட்டப்படி வியாழன் என்று எழுத வேண்டும், கவிதா என்று எழுத வேண்டும். பென்சில் அதற்கு மேல் போகவில்லை. ஒரு நாளும் ஆய்வுச் சீட்டில் தேதி மாற்றி எழுதியவனில்லை நான். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மாற்றி எழுதப் பயம், அவ்வளவுதான். உண்மையை எழுதினாலோ அது என் தாள், கவிதாவுக்கு நான்குதான்.

"இன்னா, கண்ணாடி எட்துகினு வர்லியா?" என்றார் ஏழுமலை.

மகன் வாங்கிக் கொடுத்த செல்போனை எடுத்தேன். மணி 2.35.

"கவிதாம்மா, உங்க பாசிய நான் கெடுத்துட்டேன். அந்தச் சின்ன சிவப்பு. நல்ல தண்ணியில கழுவிட்டேன்."

"தண்ணிய டெஸ்ட் பண்ற வேலைதானே அங்கிள் பார்த்தீங்க?"

"ஆமாம்மா."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"காலையில எட்டரைக்கு."

"அப்புறம் பன்னெண்டு வரைக்கும் பக்கத்துல உக்காந்து நோட்ஸ் எழுதுனீங்க."

"ஆமாம்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

சொன்னேன். இன்னொரு கொத்து இருக்கிறது என்றும் சொன்னேன்.

"அதத் தொடாதீங்க. பக்கத்துலயே நில்லுங்க. அப்பா மூணு மணிக்கு வந்துடுவாரு, அவர் ஸ்கூட்டிய எடுத்துட்டு வர்றேன்."

அணுபுரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். 3.15 ஆனது. அதன் பிறகு ஒவ்வோர் அலையும் சற்று மேலே வந்தது. ஏழுமலை வலைக்குத் திரும்பாமல் என் பக்கத்திலேயே நின்றார். "கலெக்டர் ஆபீசு போலீசு மாதிரி காவல் காத்துகினு கீறமே, இன்னாத்துக்குன்னு எனக்கே தெரில" என்றார். விளக்கினேன். "தோ பாரு, எங்க வூட்ல சொல்லிடாத பெர்சு, சிரிப்பாங்க" என்றார்.

கவிதா 3.25க்கு மணலில் ஓடி வந்தார். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, தோள்வரை கையை விட்டு, அடிப்பகுதி பிரியாமல் கொத்தை எடுத்தார். சீட்டில் அவரே நாளும் நேரமும் எழுதினார். அந்த இடுக்கு 3.50க்கு மூழ்கியது. பிறகுதான் ஏழுமலையிடம், "அண்ணா, இவரு விழாம பாத்துக்கிட்டதுக்கு தேங்க்ஸ்" என்றார்.

சனிக்கிழமை பதித்தோம். தட்டில் கடல் தண்ணீர் ஊற்றி, தடித்த தாளை அடியில் விட்டு, பாசியை மேலே மிதக்கவிட்டு, ஊசியால் கிளைகளைப் பிரித்து, தாளைச் சாய்த்து மெதுவாகத் தூக்க வேண்டும். மேலே மல் துணி, மேலும் கீழும் செய்தித்தாள், அதன்மேல் கனம். செய்தித்தாளைத் தினமும் மாற்ற வேண்டும். பயிற்சி முடிந்த பிறகும் நான்கு நாள் கருங்குழியிலிருந்து போய் எல்லோருடைய தாளையும் நானே மாற்றினேன். பயிற்சியை நடத்திய பேராசிரியை அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. கவிதாதான், "மேடம், இனிமே தட்டுல கை வைக்க மாட்டாரு, நான் கேரண்டி" என்றார். புதன்கிழமை துணியை உரித்தபோது செராமியம் சிவப்பாகவே ஒட்டியிருந்தது. ஐந்து தாளும் ஏற்கப்பட்டன.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பிற்பகலாகப் பாருங்கள். கேன்வாஸ் காலணி கட்டாயம், செருப்பு ஆகாது. ஐந்து லிட்டர் கேனில் கடல் தண்ணீர் கொண்டு வாருங்கள், கழுவுவதற்கும் பதிப்பதற்கும் அதுதான். ஒரு பாறையில் உள்ள எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். அடுத்தவருக்கும் ஒரு கொத்து தேவைப்படலாம். தனியாகப் போனால் எனக்கு ஆனதுபோல் போக வர ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இன்னொன்று. எட்டரைக்குச் சொல்ல வேண்டியதை நான் 2.35க்குச் சொன்னேன். கவிதா வந்து சேர்ந்தபோது அந்த இடுக்கு மூழ்க இருபத்தைந்து நிமிடம் மிச்சமிருந்தது. அது அவர் வண்டி ஓட்டிய வேகத்தில் கிடைத்தது, என்னால் அல்ல.