சம்பந்தியின் கப்பலுக்குத் துரு அடித்த கதை

கிள்ளான் பக்கம் பண்டமாரானில் லோரிக்குப் பெயிண்ட் அடிக்க யாரிடம் போவது என்று யாரைக் கேட்டாலும் என் பட்டறையைத்தான் காட்டுவார்கள். சந்தேகம் இருந்தால் போய்க் கேட்டுப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுகொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்தவன் பட்டறையில் உப்புத்தாள் தேய்த்தேன், பெயிண்ட் ஊதுகிற துப்பாக்கி பிடிக்கக் கற்றேன், சொந்தப் பட்டறை போட்டேன். நான் அடித்த லோரிக் கதவில் முகம் பார்த்து மீசை கத்தரித்த டிரைவர்கள் இன்றைக்கும் கிள்ளானில் இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவனை ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் கப்பல் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

கப்பல் என் சம்பந்தியுடையது. என் மகளின் மாமனார் அவர். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருக்கிறார். இளவயதில் சரக்குக் கப்பல் ஏறியவர், ஓய்வு பெறும்போது மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரியாக இருந்தார். அவருடைய கப்பலை எப்போதோ உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். உருப்படியாக ஒரு போட்டோகூட அவரிடம் இல்லை. என் மருமகன் தன் அப்பாவுக்காக, கிட்டத்தட்ட அதே சாயலில் ஒரு கப்பல் மாடலைக் கடையில் தேடிப்பிடித்து, துண்டு துண்டாக ஒட்டி வைத்திருந்தார். வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்.

தீபாவளி விருந்துக்குப் போனபோது அது கண்ணாடி அலமாரியில் இருந்தது. சம்பந்தி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"பையன் ஆசையா ஒட்டுனான் சம்பந்தி. ஆனா பார்க்க சோப்பு டப்பா மாதிரி இருக்கு."

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்கிட்ட குடுங்க. உங்க பொறந்தநாளுக்குக் கொண்டாறேன். பார்த்ததும் 'இது என் கப்பல்'னு நீங்க சொல்லணும். சொல்லலைன்னா இனிமே நான் பெயிண்டர்னு சொல்லிக்க மாட்டேன்!"

வீடு நிறைய ஆட்கள். எல்லார் காதிலும் விழுந்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி மேசைக்கடியில் காலை மிதித்தாள். மகள், "அப்பா, பார்த்து லா" என்றாள். சொன்னது சொன்னதுதான்.

சம்பந்தி நிறம் மட்டும் சொன்னார். உடம்பு கருப்பு, அறைகள் வெள்ளை, தண்ணீருக்குக் கீழே சிவப்பு, தளம் பச்சை, புகைபோக்கி மஞ்சள். அது போதும் எனக்கு. பிளாஸ்டிக் என்று யாராவது பயந்திருப்பார்கள். எத்தனை கார் பம்பருக்கு அடித்த கை இது! தேய்த்து, பம்பருக்குப் போடுகிற பிரைமர் போட்டு, நிறம் ஏற்றி, மேலே கண்ணாடி மாதிரி மின்னுகிற கிளியர் கொடுத்துப் பாலிஷ் போட்டேன். மின்விசிறி சுற்றுவது கப்பலின் பக்கவாட்டில் தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன்.

மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. மிட்டாய்க் கடையில வச்சா பிள்ளைங்க எடுத்து நக்கும்."

"உனக்குக் கப்பலைப் பத்தி என்னா தெரியும்?"

"உங்களுக்கு என்னா தெரியுமாம்?"

நியாயமான கேள்விதான். மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு போர்ட் கிள்ளானில் கடலோரக் கடை ஒன்றுக்குச் சுட்ட மீன் சாப்பிடப் போனேன். மீன் ஒரு சாக்கு. ஒரு சரக்குக் கப்பல் மெதுவாக நகர்ந்து போனது. அதில் ஓர் இடமும் மின்னவில்லை. கருப்பு, கருப்பாக இல்லை. வெயில் குடித்துச் சாம்பல் பூத்திருந்தது. நங்கூரத் துளையிலிருந்து துரு அழுததுபோல் வழிந்திருந்தது. தண்ணீர் தொடும் கோட்டில் பாசி, அதற்கு மேலே உப்புப் படிந்த வெள்ளை. சின்னக் கப்பலுக்கு லோரிப் பளபளப்பைக் கொடுத்தால் அது இன்னும் சின்னதாகிவிடும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மீன் ஆறும்வரை பார்த்து நானே கண்டுபிடித்தேன். அந்த மீனை மனைவியே முழுசாக முடித்தாள்.

பளபளப்பின்மேல் மேட் கிளியர் அடித்தேன். மினுமினுப்பெல்லாம் செத்துப்போனது. என் கையாலேயே என் பாலிஷைக் கொன்றேன். பிறகு கருப்பில் கொஞ்சம் வெள்ளை கலந்து, வெயில் படும் இடங்களில் மட்டும் பனிபோல் ஊதினேன். அதன்பின் துரு. பழுப்பு ஆயில் பெயிண்டில் ஊசிமுனை அளவு நங்கூரத் துளைக்குக் கீழே வைத்து, டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த தூரிகையால் கீழே இழுத்தால் போதும், மழை இழுத்த மாதிரியே இறங்குகிறது. ஈரம் அதிகமானால் வெறும் கறை; குறைந்தால் கோடு. என் கைக்கு அளவு தெரியும்.

பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். "போஸ், ஆயுசு முழுக்கத் துருவைத் தேய்க்கச் சொல்லித் திட்டுனீங்க. இப்ப நீங்களே வச்சு அடிக்கிறீங்க!"

"டேய், கடவுள் துரு வைக்க நாளாகும். நான் ஒரு மதியத்துல வைக்கிறேன். பாரு."

உப்புக் கறைக்கு எந்த வெள்ளையும் சரிப்படவில்லை. சுண்ணாம்பு திட்டுத்திட்டாக நின்றது. கடைசியில் சாமி மேடையிலிருந்து திருநீறை எடுத்து விரலால் லேசாகத் தேய்த்தேன். அச்சு அசல் உப்பு! மனைவி வந்துவிட்டாள்.

"என்னங்க இது, சாமி திருநீறைக் கப்பலுக்கா பூசுறீங்க?"

"கடல்ல போறதுக்குத் துணை வேணாமா?"

"ஷோகேஸ்ல நிக்கப் போறதுக்கு என்னா துணை!" என்றவள், குனிந்து பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் பூசுங்க" என்றாள்.

சீனப் புத்தாண்டு முடிந்து சம்பந்திக்கு எழுபதாவது பிறந்தநாள் வந்தது. அதே கூட்டம். நான் கப்பலைத் துணி மூடி எடுத்துப் போய், மேசை நடுவில் வைத்துத் துணியை இழுத்தேன். வீடே "ஆ!" என்றது. மருமகன் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். சம்பந்தி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார்.

"இது யாரு கப்பல் சம்பந்தி?"

"உங்க கப்பல்தான்."

"என் கப்பல்லயா இவ்ளோ துரு? நான் என்னா, அங்க தூங்கிட்டா இருந்தேன்?"

மருமகன், "அப்பா, இதுதான் ரியலா இருக்கும். மாடல் செய்யுறவங்க எல்லாரும் இப்படித்தான் அடிப்பாங்க" என்று சமாளித்தார்.

"எல்லாரும் அடிக்கட்டும். நான் மேஸ்திரியா இருந்த கப்பல் இது இல்ல."

மனைவி என்னைப் பார்த்தாள். பெயிண்டர் பட்டம் பறிபோகிற நேரம். ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. என் பட்டறை லோரியை எவனாவது துருவோடு படம் வரைந்து கொண்டுவந்தால் நானும் அவனை அடிக்கத்தான் போவேன். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சரி சம்பந்தி. துரு வந்தா என்னா செய்வீங்க?"

"சுத்தியால தட்டி எடுப்போம். செவப்பு பிரைமர் அடிப்போம்."

"உடனே மேல கருப்பா?"

"எங்க உடனே? மழை வரும். துறைமுகத்துல சரக்கு ஏத்துற வேலை வரும். இந்தப் பக்கம் முடிச்சா அந்தப் பக்கம் துரு வந்து நிக்கும்."

"அப்போ உங்க கப்பல்ல எப்பவும் செவப்புத் திட்டு இருக்கும்."

அவர் கப்பலின் பக்கவாட்டில் விரலை ஓட்டினார். "இருக்கும்" என்றார். "இங்கே. அப்புறம் இங்கே."

கீழே போய்க் காரிலிருந்து பெயிண்ட் பெட்டியை எடுத்து வந்தேன். மேசை விரிப்பின்மேல் செய்தித்தாள் விரித்து, பிரைமர் நிறத்தைக் கலந்தேன். முதல் திட்டை நான் வைத்தேன். "அவ்ளோ வட்டமா இருக்காது. ரோலர் போன மாதிரி சதுரமா வைங்க" என்றார். இரண்டாவதை வைத்தேன். "குடுங்க" என்று தூரிகையைப் பிடுங்கிக்கொண்டார். தூரிகையைப் பிடித்த விதம் தப்பு. ஆனால் வைத்த இடம் சரி. நங்கூரத்துக்குக் கீழே இருந்த என் துருவை ஈவிரக்கமில்லாமல் மூடினார். பின்பக்கத்துத் துரு ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்.

"அது ஏன் சம்பந்தி?"

"அது எட்டாத இடம். ஆளைத் தொங்கவிட கேப்டன் சம்மதிக்கவே இல்ல. கடைசி வரைக்கும் அந்தத் துரு என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு."

பெண்கள் சோறு ஆறுகிறது என்று சத்தம் போட்டார்கள். ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. சம்பந்தி தூரிகையை வைத்துவிட்டு, கப்பலைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"இப்ப இது என் கப்பல்."

எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "என்னா சொன்னீங்க?" என்று கேட்டேன். இன்னொரு தடவை சொல்லவைத்தேன். விடுவேனா?

கப்பல் அலமாரிக்குத் திரும்பிவிட்டது. அவர் திட்டு வைத்த பக்கம் வெளியே. நான் உயிரைக் கொடுத்து இழுத்த துரு முழுக்கச் சுவரைப் பார்த்து நிற்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம், "நான் அடிச்சது" என்கிறாராம். மகள்தான் சொன்னாள். ஒவ்வொரு தடவை போகும்போதும், அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போகிற நேரம் பார்த்து, நான் அலமாரியைத் திறந்து கப்பலைத் திருப்பி வைத்துவிட்டு வருகிறேன். அடுத்த தடவை போனால், பழையபடி திரும்பியிருக்கும்.